எப்சிபாக்காவின் ஜெர்மன் வயலின்

எப்சிபாக்கா என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஏழு வருஷமாக அவள்மேல் எனக்கு இருக்கிற கோபம் இது ஒன்றுதான்.

கோட்டைக்குப்பத்தில் நான் ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிறவன். அவள் இறால் உரிக்கப் போவாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வயலின் வாசிப்பாள். பழைய பாதிரியார் ஒருத்தர் விட்டுப்போன வயலின். உள்ளே ஒட்டின காகிதத்தில் மிட்டன்வால்ட் என்று ஊர்ப்பேர் இருக்கும். ஜெர்மனியில் மலையடிவாரத்து ஊராம். ஊரே இந்த வேலைதானாம். ஒரு வீட்டில் கழுத்து செதுக்குவார்களாம், இன்னொரு வீட்டில் பலகை இழைப்பார்களாம். ஒட்டுவதற்கு மாட்டுத்தோல் காய்ச்சின பசை. அதை வேண்டுமென்றே மரத்தைவிட பலம் குறைவாக வைப்பார்களாம். இழுவை வந்தால் ஒட்டு விடும், மரம் பிழைக்கும்.

எங்கள் ஊரில் அந்தப் பசைக்கு வேறு வேலை வந்தது. புயலுக்கு முன்னால் ஈரக்காற்று ஏறினால் ஓரத்தில் ஒட்டு விட்டுக்கொள்ளும். வில்லை இழுத்தால் வண்டு மாதிரி இரையும். போனில் எச்சரிக்கை வாரத்துக்கு மூணு தரம் வருகிறது, யார் பார்க்கிறார்கள்? அவள் பெரிய மகன் ஹேமந்த் வலையைத் தூக்குமுன் வயலினைக் காட்டிக் கேட்பது ஒன்றுதான்: "பொட்டி கத்துதாம்மா?" கத்தினால் போகமாட்டான்.

ஒவ்வொரு தரமும் அவள் பசை காய்ச்சி உட்கார்ந்திருப்பது எனக்கு எரிச்சல். அவள் பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், வயலினை எடுத்துவந்து ஓரம் முழுக்கப் படகுக்குப் பூசுகிற ரெசினைப் பூசினேன். அவள் வீடு திரும்பியதும், இனி ஜென்மத்துக்கும் விடாது என்று நீட்டினேன்.

"இன்னாடா, இதுல மீன் புடிக்கப் போலாமா?" என்று சிரித்தாள்.

ஐப்பசியில் ஹேமந்த் கேட்டான். அவள் வில்லை இழுத்தாள். சுத்தமான சத்தம். கத்தவில்லை என்றாள். நானும் அங்கேதான் நின்றேன். அவன் போன ராத்திரியே புயல் அடித்தது.

நாலாம் நாள் படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. நான் அடைத்த படகு. ஒரு ஓட்டை இல்லை.

அப்போதுதான் ரெண்டு பேருக்கும் உறைத்தது. அவள் என்னைப் பார்த்தாள். டீ குடிக்கிறியா என்று கேட்டாள். அவ்வளவுதான்.

போன வருஷம், விடாத ஒட்டுக்குப் பக்கத்திலேயே வயலின் பலகை நீளமாக விரிசல் விட்டது. இந்த வருஷம் சின்னவன் ரஞ்சித் அண்ணன் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போக ஆரம்பித்தான்.

புரட்டாசியில் அவள் செத்தாள். அதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டனுப்பி, வயலினை என் மடியில் வைத்தாள். பூசினதைச் சுரண்டி எடு என்றாள். சுரண்டினால் மரமும் சேர்ந்து வருமே என்றேன்.

"வரட்டும்டா. பழைய பசை அலமாரில கீது, காய்ச்சி ஒட்டு. ஐப்பசில ரஞ்சித் வந்து கேப்பான். அதுக்குள்ள அதைக் கத்த வை."