ஒரே மூச்சில் ஒரு பாட்டுப் புத்தகம்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். படிப்போடு கொஞ்சம் திமிரும் வந்திருந்தது. நெல்லித்தோப்பில், அச்சுக்குப் புத்தகப் பக்கங்கள் தயாரிக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எல்லாரும் கையால் செய்துகொண்டிருந்த திருத்தங்களை, கணினியே செய்யும்படி இரண்டாம் மாதமே பெர்ல் மொழியில் ஸ்கிரிப்டாக எழுதினேன். ஒவ்வொரு வேலைக்கும் சப்ரூட்டீன் என்று ஒரு குட்டி நிரல்: கூடுதல் இடைவெளியை நீக்க ஒன்று, வரிகளைச் சீராக்க ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பொது ஃபைலில் வைத்து, இனி யாரும் திரும்ப எழுத வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று அறிவித்தேன்.

ஒருநாள் எனக்கு வந்த நாவலில் வரிகள் பாதியில் உடைந்து கிடந்தன. வரிகளைச் சீராக்கும் சப்ரூட்டீனையே, உடைந்த வரிகளை ஒட்டும்படி மாற்றினேன். நாவல் அழகாகச் சேர்ந்துகொண்டது. டீ குடிக்கப் போனேன்.

அந்த நேரத்தில் பக்கத்து இருக்கை அக்கா, தன் பங்குக் கோயிலான மாதா கோயிலின் பாட்டுப் புத்தகத்தை அதே சப்ரூட்டீனில் ஓட்டியிருக்கிறார். மூன்று வாரம் உட்கார்ந்து திருத்திய ஃபைல். திருவிழாவுக்காக அன்று மாலை அச்சகம் போக வேண்டியது. நான் வந்து பார்த்தபோது ஒவ்வொரு பாட்டும் ஒரு பத்தியாகியிருந்தது. என் ஸ்கிரிப்டோ பழைய ஃபைல் மேலேயே எழுதிவிடும்; பழையது மிஞ்சாது.

“ஏம்மா, இத யாரு மூச்சு வுடாம பாடறது?” என்றார் அக்கா.

பத்து நிமிடத்தில் பிரித்துத் தருவதாகச் சொன்னேன். காற்புள்ளி வரும் இடங்களில் வெட்டினேன்; “மாதாவே” ஒரு வரியிலும் “வாழ்க” அடுத்த வரியிலும் தனியாக நின்றன. எழுத்து எண்ணி வெட்டினேன், சொற்களே இரண்டாயின. ஒரு மணி நேரம் போனது. அக்கா நிதானமாகச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் முடியவில்லை என்றேன். அந்த வார்த்தையை அந்த அலுவலகத்தில் நான் அதுவரை சொன்னதில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஃபோல்டரைத் திறந்தார். ஓட்டுவதற்கு முன் எடுத்துவைத்த நகல், வரிவரியாக அப்படியே இருந்தது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீதான் பத்து நிமிஷம்னியே. நடுவுல வர வேணாம்னு இருந்தேன்.” நகலைத் திறந்து சரிபார்த்தபடி, “இனிமே எல்லாம் சுலபம்னு நீ சொன்ன அன்னிலேருந்து, காப்பி எடுக்காம நான் எதையும் ஓட்டறதில்லம்மா” என்றார்.

பழைய சப்ரூட்டீனைத் திரும்ப வைத்து, ஒட்டும் வேலைக்குத் தனிப் பெயரில் இன்னொன்று எழுதினேன். புத்தகம் மாலையில் அச்சகம் போனது. மறுநாள், எதையும் தொடும் முன் தானே நகல் எடுத்துக்கொள்ளும் சப்ரூட்டீன் ஒன்றையும் சேர்த்து, அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். இன்றுவரை அவருடைய ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு நகல் இருக்கிறது: என் ஸ்கிரிப்ட் எடுப்பது ஒன்று, என் ஸ்கிரிப்டுக்குப் பயந்து அவர் எடுப்பது ஒன்று.