காதுக்குக் கூலி

அக்கா வேலை பார்த்த நண்டுக் கம்பெனியில் அக்கா என்று ஓர் ஆளே கிடையாது என்றார் சூப்பர்வைசர். பதிவேட்டை என் பக்கம் திருப்பி வேறு காட்டினார். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மேசையில், அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தாள் என் அக்கா.

"அங்கன இருக்கது யாரு சார்?"

"அந்த ஊமைப் பொண்ணா? பக்கத்துல இருக்காகள்ல, அவுக கணக்குல வருது."

அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான கடனுக்கு அக்கா பெயரிலும் ஒன்று போடலாம் என்று, வேலைச் சான்று கேட்கத்தான் பாம்பனுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன்.

எடை போடுகிறவர் நம்பரைக் கூப்பிட்டதும் தட்டோடு போய் நிற்க வேண்டும். எல்லோர் வாயிலும் மாஸ்க். வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிற அக்காவுக்கு அங்கே ஒன்றும் பிடிபடாது. அதனால் சேர்ந்த நாளிலிருந்தே அவள் எடுத்த சதை, பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் மதினியின் நம்பரில் ஏறியது. சனிக்கிழமை மதினி சம்பளம் வாங்கி, அக்காவின் பங்கு என்று ஏதோ கையில் வைப்பாள். மூன்று வருடமாக இப்படி.

"அவளுக்கும் ஒரு நம்பர் குடுங்க சார். கூப்பிடும்போது கையக் காட்டுனா வந்துரும்."

"ஆளாளுக்குக் கையக் காட்டிக்கிட்டு இருந்தா நண்டு நாறிரும்லே."

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்பேன்."

'லே' போய் 'தம்பி' வந்தது. அக்காவுக்கு நாற்பத்தொன்றாம் நம்பர் வில்லை கிடைத்தது. பெரிதாக ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன். அய்யா மட்டும், "அங்கன போய் ஏன்டா சலம்புன? அவகிட்டக் கேட்டியா?" என்றார். கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா கொண்டுவந்த காசு முன்னைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. மூன்று தட்டுக்கு ஒரு தட்டு மதினி மடியில் போயிருக்கிறது. குழாயடியில் மதினியை நிறுத்தினேன். நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் அங்கே நிறுத்தினேன்.

"காது கேக்காதவ காசத் தின்னிருக்கீக."

மதினி குடத்தை இறக்கி வைத்தாள். "ஆமா கொழுந்தனாரே, தின்னேன். நண்டு கரைக்கு வந்தாத்தான நம்மளக் கூட்டிட்டுப் போகக் கம்பெனி வேன் வரும்? எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? டிரைவர் எனக்குப் போன் போடுவாரு, நான் ஓடியாந்து ஒங்கக்கா தோளத் தட்டுவேன். மூணு வருசம் அவளுக்குக் காதா இருந்துருக்கேன். அதுக்குக் கூலி கெடையாதா? நாளைக்கு வேன் வந்தா ஒங்க டிகிரி வந்து தட்டுதான்னு பாப்போம்."

பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாள் வேன் தார் ரோட்டில் ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் ராமநாதபுரம் பஸ்ஸில். அய்யா ஆடுகளோடு காட்டில். அக்கா தூக்குவாளியோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதற்கடுத்த நாள் விடியும் முன்னே தார் ரோட்டுக்கே போய் நின்றாள். அன்று கடலில் காற்று, வேன் கிடையாது. மற்றவர்களுக்குச் செய்தி போயிருந்தது. அவள் உச்சி வெயில் வரை நின்றுவிட்டு வந்தாள். அதிர்கிற செல்போன் ஒன்றை வாங்கி அவள் இடுப்பில் செருகிவிட்டு, ஒரு மிஸ்டு கால் கொடுக்கும்படி டிரைவரிடம் கெஞ்சினேன். ஒரு நாள் கொடுத்தார். பிறகு கேட்டால், "ஒங்க வீட்டுக்கு மட்டும் வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமாக்கும்?" என்றார்.

அந்த வாரத்தில் பாதிக் கூலி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அக்கா மதினி வீட்டுக்குக் கிளம்பினாள். பின்னாலேயே போனேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதினியிடம் வில்லையைக் காட்டிவிட்டு, திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள். நான்கு விரல்களை விரித்து, ஒன்றை மட்டும் மடக்கி மதினியைச் சுட்டினாள். மதினி மூன்று விரல் காட்டினாள். அக்கா தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நான்கு காட்டினாள்.

"ஆத்தி, ஊமை பேரம் பேசுறதப் பாருங்கடி!" என்றாள் மதினி. "சரி, தொலை. நாலுல ஒண்ணு. ஆனா இந்தப் பய என் வாசல மிதிக்கக் கூடாது."

திங்கட்கிழமையிலிருந்து அக்கா வேலைக்குப் போகிறாள். மதினி தோளைத் தட்டுகிறாள். எடை மேசையில் நாற்பத்தொன்று கூப்பிட்டாலும் தட்டுகிறாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. மற்ற பெண்களுக்குச் சும்மா காதில் விழுகிற சேதிக்கு அக்கா மட்டும் தட்டு அழ வேண்டியிருக்கிறது. மேசைக்கு மேலே நம்பர் காட்டும் ஒரு பலகையை மாட்டினால் தீரும். வேன் வருவதை அவளுக்குச் சொல்லும் பொறுப்பும் கம்பெனிக்குத்தான். குழாயடியில் கத்தியபோது இது எனக்கு உறைக்கவில்லை. மூன்று வருடம் கம்பெனி மிச்சம் பிடித்ததை மதினியிடம் போய்க் கேட்டிருக்கிறேன்.

போன வாரம் முழு நீளத் தாளை எடுத்து மனு எழுத உட்கார்ந்தேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த நீளத் தாள் எதற்கு என்று தெரிந்துவைத்திருக்கிறாள். வந்து எதிரே நின்றாள். தாளைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள், புருவத்தை உயர்த்தினாள். என்னைக் கேட்டாயா?

இல்லை என்று தலையாட்டினேன். கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, இடுப்பில் செல்போனுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் தரவில்லை.