நிழலில் குறித்த கடற்புல்

கடலுக்கு அடியில் புல் நட்டுவிட்டு அதைத் திரும்பத் தேடிப் போகிற தொழிலில், புல்லைவிட அதிகமாகக் காணாமல் போவது அதை நட்ட இடம்தான்.

காட்டிலும் கடலிலும் என்னைப் போலக் கருகிக்கொண்டிருக்கும் கள ஆய்வாளர்களே, உங்களுக்கு இது தெரியாததல்ல. தூத்துக்குடியில் ஒரு சின்ன ஆய்வு மையத்தில் எனக்கு வேலை. துறைமுகத்துக்குத் தெற்கே, ஆழமில்லாத கடலில், இழுவலை வாரிவிட்டுப் போன தரையில் கடற்புல் நடுகிறோம். சதுரச் சட்டத்தில் சணல் கட்டி, அதில் புல்லை முடிந்து, மணலில் பதிப்போம். பிறகு அதே சட்டத்துக்குப் போய், பிழைத்ததா என்று பார்க்க வேண்டும்.

செத்துட்டுன்னு எழுது

போன வருஷம் நட்டதைத் தேடிப் போனோம். போனில் குறித்திருந்த இடத்தில் வெறும் மணல். தண்ணீர் வேறு கலங்கல்; நீட்டிய கையின் விரல் தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி, சட்டமில்லாமல் தானாக வளர்ந்த புல் கைக்குத் தட்டுப்பட்டது. அதை எண்ணி, தாங்கள் நட்டதாக எழுதிக்கொள்ளும் புண்ணியவான்களும் இந்தத் தொழிலில் உண்டு. நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

எங்கள் இயக்குநர் அறிக்கையை நீட்டினார். நட்டதெல்லாம் அழிந்தது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். அந்தத் தரையில் இனி யாரும் புல் நட மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பார்க்காத ஒண்ணைச் செத்துட்டுன்னு எழுத மாட்டேன் சார். நல்ல ஜி.பி.எஸ். வாங்கித் தாங்க, தேடிக் காட்டுதேன்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாங்கித் தாரேன். அதுக்கப்புறமும் கிடைக்கலன்னா, புல்லோட சேத்து உன் வேலையும் செத்துட்டுன்னு எழுதிருவேன், பாத்துக்கோம்மா."

வாசலில் போட்ட சாக்பீஸ் குறி

படகுகளுக்கும் நில அளவைக்கும் கருவி விற்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு கருவியை முடுக்கித் திரையைக் காட்டினார். துல்லியம் மூன்று மீட்டர் என்றது. அது கருவி தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நன்னடத்தைச் சான்றிதழ். நான் மசியவில்லை.

கடை வாசலில் சாக்பீஸால் ஒரு குறி போட்டேன். மூன்று கருவிகளை அதன்மேல் வைத்து இடத்தைக் குறித்தேன். அணைத்துவிட்டு டீ குடித்து வந்து மறுபடி குறித்தேன். சாயங்காலமும் குறித்தேன். வண்ணத் திரை போட்ட அழகான கருவி ஒவ்வொரு தடவையும் பக்கத்து வளையல் கடைக்குள் போய் நின்றது. இன்னொன்று எதிரே பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டது. சோப்பு டப்பா மாதிரி இருந்த மூன்றாவது மட்டும் குறியை விட்டு ஒரு எட்டுக்கு மேல் நகரவில்லை. செயற்கைக்கோள் அனுப்புவதை இரண்டு அலைவரிசைகளில் வாங்கிச் சரிபார்க்கும் வகை அது. அதைத்தான் எடுப்பேன் என்றேன். அண்ணாச்சிக்குத் தலைசுற்றியிருக்க வேண்டும்.

"யம்மா, மாப்பிள்ளை பாக்கதுக்குக்கூட உங்க வீட்ல இம்புட்டு விசாரிக்க மாட்டாவ."

செல்வின் உட்கார்ந்த இடம்

புதுக் கருவியும் அதே வெறும் மணலுக்குத்தான் கூட்டிப் போனது. அப்படியானால் நட்ட அன்று குறித்ததே தப்பு. அன்று குறித்தவர் என்னோடு வேலை பார்க்கும் சாத்தான்குளத்து செல்வின். எங்கே இருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். படகில் இருந்து என்றார். படகில் எங்கே? பின்பக்கம், தார்ப்பாய்க்குக் கீழே.

நங்கூரத்தைச் சட்டத்துக்குப் பக்கத்தில்தான் போட்டிருந்தோம். ஆனால் படகு நங்கூரத்துக்கு நேர் மேலேயா நிற்கும்? கயிறு விட்ட தூரம்வரை காற்று தள்ளிக்கொண்டு போகும். புல் ஓர் இடத்தில் இருக்க, செல்வின் தன் மடியைக் குறித்து வைத்திருக்கிறார். எவ்வளவு உசத்தியான கருவியும் தான் இருக்கிற இடத்தைத்தானே சொல்லும்? இதைச் சொல்லிக் கத்தினேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எக்கா, வெயிலு மண்டையப் பொளந்துச்சு. மனுசன் நெழல்ல உக்காரக் கூடாதா?"

கயிறு நீளம் மேற்கே

நட்டது கச்சான் காற்று வீசும் காலம். மேற்கே இருந்து வரும் காற்று படகைக் கிழக்கே தள்ளியிருக்கும். அப்படியென்றால் சட்டம், குறித்த இடத்துக்கு மேற்கே, நங்கூரக் கயிற்று நீளத்தில் கிடக்க வேண்டும். கடைசியாக ஒரு தடவை போகிறோம் என்றேன். இயக்குநரும் அறிக்கையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு படகில் ஏறினார்.

கருவியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு மிதவையில் கட்டி, மேற்கே தள்ளிக்கொண்டு நீந்தினேன். செல்வின் அடியில் தடவிக்கொண்டே வந்தார். கயிற்று நீளம் முடிகிற இடத்தில் அவர் கை சட்டத்தில் இடித்தது. மூச்சைப் பிடித்து நானும் இறங்கினேன். சணல் மக்கிப் போயிருந்தது. புல் சட்டத்தைத் தாண்டி வெளியே ஓடியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மிதவையைச் சட்டத்துக்கு நேர் மேலே இழுத்துப் பிடித்து இடத்தைக் குறித்துக்கொண்டு, படகின் விளிம்பைப் பற்றி, "உயிரோட இருக்கு சார், இறங்கிப் பாருங்க" என்றேன். அவர் இறங்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நான் அப்பவே சொன்னேனே, நல்ல கருவியா வாங்குங்கன்னு."

தோழர்களே, கடலடியில் நட்டதை ஒரு எட்டுக்குள் காட்டும் கருவி கடையில் கிடைக்கிறது, ஆபீசில் எதை யார் சொன்னார் என்று காட்டும் கருவி இன்னும் வரவில்லை என்பதால், அதுவரை நம் கையெழுத்தை நாமே பத்திரமாக வைத்துக்கொள்வோம்.