உட்காராத டாக்டர்

டாக்டர் ரெஜினா இறந்துபோய்விட்டார் என்று எதிர்வீட்டு போனுக்குச் செய்தி வந்தபோது மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடக்க ஆரம்பித்தவள் இன்று காலைவரை நிற்கவில்லை. ஆவடியில் அவரிடம் பிள்ளை பெற்ற உங்களுக்கு இது புரியும். அந்த மனுஷியே ஓரிடத்தில் நின்றவர் இல்லையே!

அவருடைய சின்ன ஆஸ்பத்திரியில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் யாருடைய பையாவதுதான் உட்கார்ந்திருக்கும். காபி குடிப்பது நின்றபடி, மருந்துச்சீட்டு எழுதுவது நடந்தபடி. "உட்கார்ந்தா தூக்கம் வந்துடும்மா" என்பார்.

என் முதல் பிரசவம் வேறு இடத்தில். சுற்றி நின்ற எல்லோரும் "முக்கு, முக்கு" என்று கத்த, நானும் உயிரைக் கொடுத்து முக்கினேன். பையன் பிறந்தான். நான் ஆசனவாய்வரை கிழிந்தேன். தையல் ஆற மாதக்கணக்கானது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. உட்காராமல் எப்படி டைப் அடிப்பது? பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன். "இன்னாக்கா, சீட்டு காலியா கீது, குந்த மாட்டியா?" என்பார் கண்டக்டர். அவரிடம் என்னத்தைச் சொல்வது?

மறுபடி உண்டானபோது, ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று ரெஜினாவிடம் அழுதேன். பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "பழைய காயம் நல்லா ஆறியிருக்கு. கிழியவே கிழியாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நானும் அவசரப்பட மாட்டேன், உன்னையும் அவசரப்பட விடமாட்டேன்." இவரா அவசரப்படாதவர்! எனக்குக் கோபம்கூட வந்தது.

வலி எடுத்த அன்று என்னை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கீழே ஒற்றிக்கொண்டே இருந்தார். வெளியே என் மாமியார், "முக்குடி! இன்னா பாத்துகினு கீறே?" என்று கத்தினார். டாக்டர் கதவைத் திறந்து, "அம்மா, சத்தம் வேணாம், எனக்கு வெந்நீர் வேணும். துணி ஆறிப்போகுது" என்றார். அப்புறம் மாமியார் வெந்நீர் காய்ச்சப் போனார். ஸ்டவ்வும் அவருமாக இருந்தார்.

தலை தெரிந்ததும் ரெஜினா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார்! ஒரு கை குழந்தையின் தலை வேகமாக வராமல் தடுத்தது. மறுகை துணியோடு கீழே தாங்கியது. கீழே வெட்டி வழிவிட நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். "வை. வேணும்னா நானே கேக்கறேன்" என்றார் டாக்டர்.

"இப்ப முக்காதே. கஞ்சியை ஆத்தற மாதிரி ஊது."

மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிந்தது. "முடியல டாக்டர், இழுத்துப் போட்டுடுங்க!" என்று கத்தினேன்.

"எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்ல. ஊது."

மகள் மெல்ல மெல்ல வந்தாள். எனக்குச் சின்னக் கீறல்தான், தையல்கூட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் டாக்டர் முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார்.

லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். "அட, குந்திகினியே!" என்றார் அதே கண்டக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரை அடக்கம் செய்த பிறகும் வீட்டில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இன்று காலைதான் நடையை நிறுத்திவிட்டு டைப்ரைட்டர் முன்னால் வந்தேன். இதை அடித்து அடித்துக் கிழித்துப்போட்டதில் பொழுது சாய்ந்துவிட்டது. இத்தனை நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் டாக்டர், வலிக்கவில்லை. நீங்கள் எனக்கு விட்டுப்போனது இதுதான்.