மணி உருக்கி வார்த்த காசு

சுவிஸின் நொஷாட்டல் நகரில் ஒரு ஹோட்டல் லாண்டரியில் நானும் ஒரு போர்த்துக்கீசக்காரியும் பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். நான் மன்னார். அவள், அத்திலாந்திக் கடலுக்கு நடுவே போர்த்துக்கல் பிடித்துக் குடியேற்றிய ஒரு தீவு. எங்களுடைய அரைகுறை பிரெஞ்சில் கதைக்காத கதையில்லை.

எங்கள் ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம் அவளுடைய தகப்பன் செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போய்வந்தவள் ஏப்ரன் பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டினாள். அப்பா தனக்கென்று எடுத்து வைத்துவிட்டுப் போனதாம். ஐயோ, அதுவும் ஒரு காசோ! தடிப்பாய், ஓட்டை ஓட்டையாய், கருகின தோசை மாதிரி.

கதையைக் கேட்டபிறகுதான் என் வாய் மூடியது. இருநூறு வருடத்துக்கு முன்னால் போர்த்துக்கலுக்கு ஒரு சிறுமி ராணியாம். அவளுக்காக நாட்டைப் பார்க்க வந்த சித்தப்பன் தானே ராசா என்று குந்திவிட்டான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். இவர்களுடைய தீவு மட்டும் பிள்ளையின் பக்கம் நின்றது. காசடிக்க உலோகமில்லை. கோயில் மணிகளை இறக்கி உருக்கி, அவளுடைய பெயரிலேயே காசு வார்த்தார்கள். கண்ணால் காணாத ஒரு பிள்ளைக்காக! என்ன நெஞ்சுரம்! நான் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு கிழமையில் அவளுடைய தமையன் ஜெனீவாவிலிருந்து வந்து, ஹோட்டலின் பின்வாசலில் நின்றான். எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, பிரெஞ்சிலேயே தொடங்கினான்.

"உது ஆம்பிளைப் பிள்ளையோட போகவேண்டிய சாமான். உன்னட்டை இருந்தால் துலைஞ்சுபோம். தா, நான் பத்திரமா வைச்சிருப்பன்."

அவளுக்குத் தமையனென்றால் சின்னனிலிருந்தே பயம். கை ஏப்ரன் பைக்குள் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கட ஊரில வீட்டையே மகளுக்குத்தான் குடுக்கிறது. ஒரு காசுக்கு இந்தப் பாடோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். அவன் முழிசினான்.

அவள் காசை எடுத்தாள். கொடுக்கவில்லை, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஆரின்ர பேர் இருக்கு, வாசி, அண்ணை."

அவன் வாசிக்கவில்லை.

"சித்தப்பனுக்குக் குடுக்கேலாதெண்டுதானே எங்கட சனம் மணியை உருக்கினது? அப்பா எனக்குத் தந்தவர். நான் என்ர மகளுக்குக் குடுப்பன்."

அவன் திரும்பிப் போய்விட்டான். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"இனி என்னோட கதைக்கமாட்டான்," என்று அழுதாள்.

கதைக்கவும் இல்லை. அவளுடைய மகளின் கலியாணத்துக்குக்கூட அவன் வரவில்லை. மணப்பெண் அந்தக் காசைப் பூச்செண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்தாள்.