தாய்மாமன் சீரும் ரேஸ் காரும்

இரண்டே பேர் உட்காரக்கூடிய காரை ஆறு பேர் உள்ள வீட்டில் யாராவது வாங்குவார்களா? என் மைத்துனன் வாங்கினான். எழுமலைப் பக்கம் பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரி அவன். அவன் வீட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் மழைக்காலத்தில் மாடே கால் வழுக்கும். அந்தப் பாதையில் ஓட்டுவதற்கு, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்குகிற, கூரையில்லாத, சிவப்பு நிற வெளிநாட்டுக் கார். ஊரில் அதை ரேஸ் கார் என்றார்கள். எந்த ரேஸில் ஓடியது, எத்தனையாவதாக வந்தது என்று நான் விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொண்டுவந்த வண்டி அது. ஊரைவிட்டுப் போகும்போது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். புத்திசாலி. பிறகு ஒரு மில்காரர் மகன், ஒரு பல் டாக்டர், ஒரு சினிமாக் கொட்டகைக்காரர் என்று மூன்று கை மாறி, எழுபதுகளின் கடைசியில் என் மைத்துனனிடம் வந்து சேர்ந்தது. மூன்று பேரும் ஏன் விற்றார்கள் என்று கேட்டேன்.

"அவுகளுக்கு வண்டி வச்சுக்கிற ராசி இல்ல மச்சான்" என்றான். ராசி இவனுக்காகக் காத்திருந்ததாம்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு இரண்டு பையன்களுக்குப் பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அவளுக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. முதல் தோடு அவன் கொண்டுவருகிற தங்கமாகத்தான் இருக்க வேண்டும். அவன் மேளத்தோடு சீர் கொண்டுவந்து இறங்கினால்தான், கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இன்னும் இருப்பதைப் புகுந்த வீட்டார் ஒத்துக்கொள்வார்கள். என் மனைவிக்குத் தகப்பனார் இல்லை. உடன்பிறந்தவன் இவன் ஒருவன்தான். அவன் வர வேண்டும், கையில் தோட்டோடு வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் தடவை தேதி வைத்தபோது வண்டிக்கு கியர் பாக்ஸ் உடைந்தது. பருத்தி விற்ற காசு அதில் போயிற்று. தேதியைத் தள்ளி வைத்தோம். இரண்டாவது தடவை வைத்தபோது ரேடியேட்டர் ஒழுகிற்று, கூடவே டைனமோவும் போயிற்று. இந்த முறை உழவு மாட்டில் ஒரு ஜோடி சந்தைக்குப் போனது. மறுபடியும் தள்ளி வைத்தோம். பிள்ளைக்கு மூன்று வயது முடிந்து நான்காவது நடந்தது. "இன்னமும் காது மூளியாத்தேன் இருக்கா?" என்று என் தமக்கை வரும்போதெல்லாம் கேட்பாள். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிடும்.

நான் ஒரு நூல் வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவன். எதையும் எண்ணாமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த வண்டி தின்றதை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதன் நட்டும் போல்ட்டும் இந்த ஊர் ஸ்பேனருக்கு அடங்காது. அதற்கென்று தனி ஸ்பேனர் செட் வாங்கினான். சக்கரத்துக்கு சைக்கிள் மாதிரிக் கம்பிகள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு கம்பி போகும். அதைச் சரிசெய்ய எந்த ஒர்க்‌ஷாப்பிலும் ஆள் இல்லாமல், கடைசியில் ஒரு சைக்கிள் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்தான். கடல் கடந்து வந்த ரேஸ் காரின் சக்கரம், வாடகை சைக்கிள்களுக்கு நடுவில் தலைகீழாகத் தொங்கியது. சைலன்ஸர் வண்டிப்பாதையில் இடித்து இடித்துக் கழன்று விழும். எடுத்துப்போய் ஒட்டவைப்பான். பதினோரு முறை ஒட்டவைத்த பிறகு அதில் சைலன்ஸரைவிட வெல்டிங்தான் அதிகம். மேலே மூடுகிற துணி கிழிந்துபோக, அதற்குப் பதிலாக வைக்கோல் மூடுகிற தார்ப்பாயை வெட்டித் தைத்தான். பெட்ரோலைப் பற்றி என்ன சொல்வது? ஊரிலிருந்து மதுரைக்கு வந்து போகிற பெட்ரோல் காசில் அவன் குடும்பமே பஸ்ஸில் வந்து, சினிமா பார்த்து, பரோட்டா தின்று திரும்பலாம்.

மதுரையில், காளவாசலில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில்தான் அவனுடைய மெக்கானிக்கின் ஷெட். வண்டி ஊரில் நின்ற நாட்களைவிட அங்கே நின்ற நாட்கள் அதிகம். ஒருநாள் நானே போய்க் கேட்டேன்.

"என்னப்பா, இதுக்கு ஒரு முடிவே கெடையாதா?"

"அண்ணே, இது ராஜா வீட்டுக் குதிர மாதிரி. கொள்ளு வச்சாத்தேன் ஓடும்."

"ஓடாதப்பவும் திங்குதேப்பா?"

"அது நிக்கிறதுக்குத் திங்குதுண்ணே."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? அந்த வருஷம் அவன் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தான். மாடிப்படியில் பாதி என் மைத்துனன் கட்டிக்கொடுத்தது என்று எனக்குக் கணக்கு.

மூன்றாவது முறையாகத் தேதி வைத்தோம். காளவாசலிலேயே ஒரு சிறிய மண்டபம், ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறப்பதற்குள் காது குத்தியாக வேண்டும். தம்பியை வரவழைத்து உட்கார வைத்து என் மனைவி பேசினாள்.

"இந்தா பாரு தம்பி, தேங்கா பழம் ரெண்டு தட்டு வந்தாலும் போதும். தோட்ட மட்டும் மறந்துறாத. அம்புட்டுத்தேன்."

"என்னக்கா இப்பிடிச் சொல்லிட்ட? தோடு ஆசாரிட்டச் சொல்லியாச்சு. ரேஸ் கார்லயே வாரேன் பாரு. காளவாசலே நின்னு பாக்கும்."

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் காப்பாற்றினான். காளவாசலே நின்று பார்த்தது.

சீர் என்பது மண்டபத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் பிள்ளையார் கோயிலில் கூடி, மேளத்தோடு நடந்து வருவது. முன்னால் மேளம், பின்னால் தாய்மாமன், அவனுக்குப் பின்னால் தட்டு தூக்குகிற பெண்கள். எல்லாருமே நடப்பார்கள். இவன் நடக்க மாட்டேன் என்றான். கழுத்தில் மாலையோடு காரில் உட்கார்ந்து, மேளத்துக்குப் பின்னால் ஓட்டி வருவேன் என்றான். மேளக்காரர்கள் என்றைக்கு நேராக நடந்திருக்கிறார்கள்? ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் நின்று ஒரு சுற்று அடிப்பார்கள். எழுமலையிலிருந்து லாரியில் வந்து இறங்கிய மாப்பிள்ளைமுறைப் பையன்கள் அதற்கு ஆடுவார்கள். பறப்பதற்காகச் செய்த வண்டி இந்தக் கூட்டத்துக்குப் பின்னால் முதல் கியரில் அரை அடி நகரும், நிற்கும், மறுபடியும் அரை அடி நகரும். பங்குனி வெயில் வேறு.

பாதி வழியிலேயே கிளட்ச் தீய்ந்த நாற்றம் எனக்கு வந்தது. மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்த நான் எதிரே போய்ப் பார்ப்பதற்குள் வண்டியின் மூக்கிலிருந்து ஆவி குபுகுபுவென்று எழுந்தது. மேளக்காரர்கள் அதையும் ஒரு கொண்டாட்டம் என்று நினைத்து வேகமாக அடித்தார்கள். சர்பத் கடைக்காரரின் குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார்கள். இஞ்சின் ஒரு முறை உறுமி நின்றுவிட்டது. இறங்கி நடக்கலாம் இல்லையா? இறங்கவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வண்டியைத் தள்ள, இவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாலையோடு உட்கார்ந்திருந்தான்.

என் தமக்கை வாசலில் நின்று பார்த்தாள். என் மனைவி ஆரத்தித் தட்டோடு பக்கத்தில் நின்றாள்.

"ஏத்தா, ஒன் தம்பி சீரு கொண்டாரானா, இல்ல சீரு ஒன் தம்பியத் தள்ளிக்கிட்டு வருதா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி ஆரத்தி எடுத்தாள்.

தட்டுகளை எண்ணினேன். முப்பத்தொன்று. வாழைப்பழமும் தேங்காயும் அச்சு வெல்லமும் அரிசியும்தான் பெரும்பாலும். கடைசியில் ஒரு கிடாய். குறை சொல்ல முடியாது. ஆனால் தோட்டுப் பெட்டி எந்தத் தட்டிலும் இல்லை. காது குத்த நாங்கள் கூப்பிட்டிருந்த ஆசாரி மணியைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

"தாய்மாமன், தோட்டக் குடுங்க. நேரம் போவுது."

"தோடு டிக்கியில இருக்கு" என்றான் மைத்துனன். டிக்கியைத் திறக்கப் போனான். உள்ளே சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பியை இழுத்தால் மூடி திறக்கும். இழுத்தான். கம்பி அறுந்து கையோடு வந்தது. "அறுந்துபோச்சு மச்சான். மெக்கானிக் வந்தாத்தேன் திறக்கும்."

மெக்கானிக்கைத் தேடி ஒருவர் ஷெட்டுக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை, ஷெட் பூட்டியிருந்தது. மணி பதினொன்று ஐம்பது ஆயிற்று. பந்தல்காரரிடம் கடப்பாரை இருந்தது. நெம்பிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். என் மைத்துனன் டிக்கியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டான்.

"வேணாம், வேணாம். இது ஒரிஜினல் தகடு. இந்தியாவிலயே கெடைக்காது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். பந்தல்காரர் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினாள்.

"எம் மக காது ஒரிஜினல் இல்லையாடா? தள்ளு."

அவன் தள்ளவில்லை. அவளே தோளால் இடித்து நகர்த்தினாள். களை வெட்டி, கிணற்றில் இறைத்து வளர்ந்த கை அவளுக்கு. மூடியின் இடுக்கில் முனையை விட்டு இரண்டு முறை நெம்பினாள். தகடு நெளிந்து வாயைப் பிளந்தது. மூடியை உயர்த்திக் குனிந்தாள். நான் அவளை ஒட்டி நின்றேன். வேறு யாருக்கும் உள்ளே தெரிந்திருக்காது.

ஒரு ஸ்டெப்னி. ஒரு ஜாக்கி. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய நான்கு புதிய பிஸ்டன்கள், காபி தம்ளர்கள் போல வரிசையாக. வேறு ஒன்றும் இல்லை.

அவள் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் கழுத்து மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அவள் கை டிக்கிக்குள் போகவில்லை, இடுப்புக்குப் போனது. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நிமிரும்போது கையில் சிவப்புத் தாள் சுற்றிய சின்னப் பெட்டி இருந்தது.

"இந்தா இருக்கு, தாய்மாமன் தோடு" என்று உரக்கச் சொல்லி ஆசாரியிடம் நீட்டினாள். டிக்கி மூடியை அமுக்கிச் சாத்தினாள்.

ரவிக்கை தைத்துச் சேர்த்த காசில் அவள் வாங்கியது அது. எப்போது வாங்கினாள் என்று எனக்கே தெரியாது. தம்பியை அவள் அளந்து வைத்திருந்தாள்.

பன்னிரண்டு அடிப்பதற்குள் காது குத்தியாயிற்று. பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது. பிள்ளையைவிட அதிகமாக அவன் அழுதான். "தாய்மாமன் பாசத்தப் பாரு" என்று யாரோ உருகினார்கள். நெளிந்த தகட்டுக்காக அழுகிறவனுக்கு இந்தப் பெயர். என் தமக்கை தோட்டைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமாத்தேன் கொண்டாந்திருக்கான்" என்று என் மனைவியிடம் ஒத்துக்கொண்டாள். என் மனைவி தலையசைத்தாள். அந்தத் தலையசைப்புக்காகத்தான் நான்கு வருஷம்.

எல்லாரும் போன பிறகு, மண்டபத்துச் சமையற்கட்டில் நான் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது தம்பியை அங்கே கூப்பிட்டாள்.

"அந்த நாலும் எம்புட்டுடா?"

சொன்னான். இரண்டு ஜோடித் தோடு வாங்கியிருக்கலாம்.

"அக்கா, அந்த செட்டு மெட்ராஸ்ல ஒருத்தர்ட்டத்தேன் இருந்துச்சு. விட்டா இனிமே கெடைக்காது."

"எனக்குந்தேன் தம்பி இனிமே கெடைக்க மாட்டான். அதுக்காகத்தேன் வாய மூடுனேன். தோட்டக் கொண்டாந்து குடுக்குறவரைக்கும் என் வாசல்ல நீ நிக்கக் கூடாது. அந்தச் சனியனும் நிக்கக் கூடாது."

அவன் போய் என்ன செய்தான்? ரோஷம் வந்து வண்டியை விற்றானா? இல்லை. முதலில் அந்த நான்கு பிஸ்டன்களையும் மாட்டினான். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. உசிலம்பட்டி ரோட்டில் எண்ணெய் இல்லாமல் ஓட்டி இஞ்சின் இறுகிப்போனது. அதன் பிறகும் ஆறு மாதம் தொழுவத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான் என்று மாமியார் சொல்லி அனுப்பினார். மாடு வெளியே, வண்டி உள்ளே. கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. வாங்கிய விலையையும் போட்ட காசையும் கூட்டி, விற்ற விலையைக் கழித்துப் பார்த்தேன். தொகையை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு கிணற்றை ஆழப்படுத்தி மோட்டாரும் வைத்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினான். சட்டைப் பையில் தோடு. என் மனைவி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தாள். நான் பிறகு எடை போட்டுப் பார்த்தேன். குறைவில்லை. "சோறு தின்னுட்டுப் போ" என்றாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு. இலை போட்டாள். அவன் தலை குனிந்து சாப்பிட்டான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, குழம்புச் சோறு முடிகிற வரைக்கும்.

"மச்சான், ஒத்தக்கடையில ஒரு வண்டி நிக்குது" என்றான். "நாலு பேரு உக்காரலாம். மேல கூரை இருக்கு."

ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"எனக்கில்லக்கா. ஒருத்தர் கேட்டாரு, தரகுக்காகச் சொல்றேன்."

அவள் ரசம் ஊற்றவில்லை. சட்டியோடு உள்ளே போய்விட்டாள். அவன் வெறும் சோற்றைப் பிசைந்தபடி என் பக்கமாகச் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு, "பெட்ரோலு லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் குடுக்குமாம் மச்சான்" என்றான்.