செல்வம் வீட்டு ரப்பர் குழாய்

காரின் அடியில் தண்ணீரைக் கண்டதும் எஞ்சினே உருகிவிட்டதென்று அலறினேன்.

“கண்ணாடி கழுவுற தண்ணிங்க. ட்யூப் வெடிச்சிருக்கு,” என்றாள் மனைவி.

பானட்டைத் திறந்ததும் எழுந்த ஈர ரப்பர் வாசம் என்னைச் சின்ன வயதில் இருந்த பசறைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு இழுத்துப்போனது. அம்மா தூரத்து ஊற்றுநீர்ப் பீலியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமப்பாள். பக்கத்துக் காம்பரா செல்வம் வீட்டுக்கோ ரப்பர் குழாயில் வாசலுக்கே வரும். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அந்தக் குழாய் எங்கள் வாசலருகே வெடித்தது. அம்மா வாளியை வைத்தாள்; நான் ராஜா மாதிரி குளித்தேன். சாயங்காலம் செல்வத்தின் அப்பா வந்து சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டார். நான் ஓவென்று அழுதேன்.

“அவங்க குழா ஒழுகலன்னு நீ ஏண்டா அழுவுற?” என்றாள் அம்மா.

இப்போது காரின் வெடித்த ட்யூபில் நானும் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிக் கட்டினேன். கண்ணாடியில் தண்ணீர் சீறியது. உடனே பக்கத்து வீட்டுக் காரின் அடியில் குனிந்து பார்த்தேன்.

ஒரு சொட்டு ஈரமில்லை. வயிறு எரிந்தது.